வேப்பமரத்தின் எடை



உள்ளே வரும்போது இந்த நூலக வாசலில் ஒரு வேப்பமரத்தைக் கடந்து வந்திருப்பீர்கள். உங்களில் பாதிப் பேருடைய வண்டி அதற்கடியில்தான் நிற்கிறது. திரும்பிப் போகும்போது சீட்டில் காக்கை எச்சம் இருந்தால் என்னைத் திட்டாதீர்கள். அந்த மரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. அது எவ்வளவு எடை இருக்கும்?

சொல்லுங்கள், தயங்க வேண்டாம். தப்பாகச் சொன்னால் மார்க் குறையாது. இதோ ஒரு தம்பி நூறு கிலோ என்கிறார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் பத்து டன் என்கிறார். நல்லது. நூறு கிலோவுக்கும் பத்து டன்னுக்கும் நடுவே நூறு மடங்கு வித்தியாசம். தினமும் பார்க்கிற மரம், கைக்கெட்டுகிற மரம், இந்த ஊரே அறிந்த மரம். அதற்கே நம் மதிப்பீடு நூறு மடங்கு ஆடுகிறது. அப்படியானால் ஆள் புகாத காட்டை எப்படி எடை போடுவது? இன்றைய பேச்சின் பொருள் அதுதான்.

எடை எதற்கு என்று கேட்கலாம். மரம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுக்கிறது. அதிலுள்ள கார்பனைத் தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் கட்டி வைத்துக்கொள்கிறது. ஈரம் முழுக்கப் போன காய்ந்த மரத்தில் கிட்டத்தட்ட பாதி கார்பன். நூற்றுக்கு 47 பங்கு என்பது உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கணக்கு. எனவே மரத்தின் காய்ந்த எடை தெரிந்தால் கார்பன் தெரிந்துவிடும்.

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வியாக இருந்த காலம் போய்விட்டது. 2015-இல் இந்திய அரசு உலகத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: 2030-க்குள் மரங்கள் வழியாகக் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைப் பிடித்து வைப்போம் என்று. எங்கோ ஒரு நிறுவனம் புகையை விடுகிறது. அந்தப் புகையை எங்கோ ஒரு காட்டின் கணக்கில் கழித்துக்கொள்ளப் பணம் கொடுக்கிறது. காட்டுக்கு விலை வந்துவிட்டது. விலை வந்த பிறகு தராசைப் பார்க்காமல் இருக்கலாமா? காய்கறிக் கடையில் எடைக்கல்லை உற்றுப் பார்க்கிறவர்கள் நாம். கத்தரிக்காய்க்குக் காட்டுகிற அக்கறையைக் காட்டுக்கும் கொஞ்சம் காட்டுவோம்.

முதலில் ஒரு பழைய கதை. 1856-ஆம் ஆண்டு, பர்மாவில் பெகு என்ற பகுதி. அங்கே தேக்கு வெட்டிக்கொண்டே இருந்தார்கள். காட்டில் மிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காடுகளுக்குப் பொறுப்பேற்று வந்தார் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். யானைமேல் ஏறிக் காட்டுக்குள் போனார். நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம் என்றால் மழை விடவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கையில் மூங்கில் துண்டுகளை எடுத்துக்கொண்டார். பெரிய தேக்கு, நடுத்தரத் தேக்கு, சின்னத் தேக்கு என்று பருமனுக்கு ஓர் இடம். யானை நடக்க நடக்க, ஒரு மரம் கண்ணில் பட்டால் கத்தியால் மூங்கிலில் ஒரு வெட்டு. இன்னொரு மரம், இன்னொரு வெட்டு. நம் ஊர்ப் பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டு மாசக் கணக்கு வைப்பார் அல்லவா, அதே முறை. அந்தக் கோடுகளிலிருந்து பெகு காடுகளின் தேக்குக் கணக்கு பிறந்தது. இவரே பின்னால், 1864-இல், இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார்.

அவர் எல்லா மரத்தையும் பார்க்கவில்லை. யானை போன தடத்தின் இருபுறமும் தெரிந்ததை எண்ணினார். அதைக் கொண்டு தெரியாததை ஊகித்தார். அவர் எண்ணியது மரச் சந்தைக்காக. இன்று எண்ணுவது காற்றுக்காக. மூங்கில் போய் டேப் வந்திருக்கிறது; டேப்புக்கு மேலே விண்கோள் வந்திருக்கிறது. ஆனால் கொஞ்சத்தை அளந்து மொத்தத்தைச் சொல்வது என்ற அந்த வேலை அப்படியே இருக்கிறது.

சரி, நம் வேப்பமரத்துக்கு வருவோம். இன்று காலை பத்து மணிக்கு நூலகக் காவலரும் நானும் அதை அளந்தோம். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் சுற்றி வந்தேன். எந்த உயரத்தில் அளப்பது? தரையிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். மார்பு உயரம் என்போம். வேறு பல நாடுகளில் 1.3 மீட்டர். ஏன் மார்பு? அடிமரம் வேர்ப்பக்கம் விரிந்திருக்கும். அங்கே அளந்தால் மரத்தின் உண்மையான பருமன் வராது. இன்னொரு காரணம், நாள் முழுக்கக் குனிந்து அளக்க யாராலும் முடியாது. அறிவியலில் பல விதிகள் முதுகுவலியில் பிறந்தவை.

சுற்றளவு 188 சென்டிமீட்டர் வந்தது. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிட்டத்தட்ட 60.

அடுத்து உயரம். மரத்தில் ஏறத் தேவையில்லை. மரத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்றேன். கிளைனோமீட்டர் என்ற சின்னக் கருவியால் உச்சியைப் பார்த்தேன். கோணம் 35 டிகிரி. கருவி இல்லாவிட்டாலும் கவலை இல்லை, முன்வரிசைத் தம்பி தங்கைகளே, உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியில் நூல் கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டால் அதுவே போதும். 35 டிகிரிக்கு டேன் எவ்வளவு? முன்வரிசை சொல்லலாம். ஆம், 0.7. அதை 15-ஆல் பெருக்கினால் பத்தரை. என் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. ஆக மரம் 12 மீட்டர். டேன் தீட்டா வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இதற்குத்தான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டையின் அடர்த்தி. கருங்காலியும் மரம், முருங்கையும் மரம். ஒன்று தண்ணீரில் மூழ்கும். இன்னொன்றை ஒரு கையால் முறிக்கலாம். நம் தச்சர்கள் இதை ஒரே சொல்லில் சொல்வார்கள்: வைரம் பாய்ந்த மரம். அந்த வைரத்தை எண்ணாக்க ஆய்வகத்தில் ஒரு கட்டைத் துண்டைத் தண்ணீரில் அமிழ்த்திக் கன அளவு பார்க்கிறார்கள். பிறகு நூறு டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை நாள்கணக்கில் உலர்த்துகிறார்கள். காய்ந்த எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. வேம்புக்கு 0.69 என்று எடுத்துக்கொண்டேன்.

விட்டம், உயரம், அடர்த்தி. மூன்றும் கையில் இருக்கின்றன. இவற்றை எடையாக மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது: அடர்த்தியை விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, வந்த எண்ணை 0.976 என்ற படிக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்க வேண்டும். செல்போனில் கால்குலேட்டரைச் சாய்த்துப் பிடித்தால் இந்தப் பொத்தானெல்லாம் வந்துவிடும். விடை ஏறக்குறைய 1,570 கிலோ. இது தரைக்கு மேலே இருக்கும் காய்ந்த எடை. அதில் 47 பங்கு கார்பன் என்றால் சுமார் 740 கிலோ. ஒரு கார்பனின் எடை 12. அதோடு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் 44. ஆகவே கரியமில வாயுவாகச் சொன்னால் சுமார் 2,700 கிலோ. அத்தனையும் ஒருகாலத்தில் இந்த ஊர்க் காற்றில் கலந்திருந்தது. இப்போது காக்கைக்குக் கூடு கட்ட இடமாக நிற்கிறது.

எங்கிருந்து வந்தது இந்த 0.0673? யார் சொன்னது இந்த 0.976? இதைக் கேட்காமல் கணக்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். கேட்டால் கிடைக்கும் பதில் கொஞ்சம் சங்கடமானது. மரத்தை வெட்டித்தான் கண்டுபிடித்தார்கள். நிற்கும்போது அளந்து, வெட்டிச் சாய்த்து, தண்டு தனி, கிளை தனி, இலை தனியாகத் தராசில் ஏற்றி, துண்டுகளை உலர்த்தி, ஈரத்தைக் கழித்து, உண்மையான எடையைக் கண்டார்கள். ஜெரோம் ஷாவ் என்ற பிரெஞ்சு அறிஞரும் பல நாட்டு நண்பர்களும் அப்படி வெட்டி எடை போட்ட மரங்களின் கணக்கையெல்லாம் வெப்பமண்டல நாடுகளிலிருந்து திரட்டினார்கள். 58 இடங்கள், 4,004 மரங்கள். 2014-இல் வெளிவந்தது இந்தச் சூத்திரம். உலகில் இன்று எத்தனையோ காடுகளின் கணக்கு அந்த 4,004 மரங்களின் தோளில் நிற்கிறது.

அந்த 4,004-இல் ராட்சத மரங்கள் குறைவு. ஏன்? ஐந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தை வெட்டி, கிளை கிளையாக எடை போட யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஆனால் காட்டின் கார்பனில் பெரும்பங்கை வைத்திருப்பவை அந்தச் சில பெரிய மரங்கள்தான். எங்கே சொத்து அதிகமோ அங்கே கணக்கு மெல்லியதாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த 4,004-உம் காட்டு மரங்கள்; நம் வேம்போ நூலக வாசலில் தனியாகக் கை விரித்து நிற்கிறது. காட்டில் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெடுநெடுவென வளர்ந்த மரத்தின் சூத்திரம் இதற்கு எவ்வளவு பொருந்தும்? தைத்து வைத்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்கிற மாதிரிதான். ஓரளவு பொருந்தும்.

எவ்வளவு ஆடும் என்று பார்ப்போமா? டேப்பைத் தளர்வாகப் பிடித்து 5 சென்டிமீட்டர் கூடுதலாக எழுதியிருந்தால் மரம் 80 கிலோ கூடியிருக்கும். கண்ணால் பார்த்தே உயரம் 15 மீட்டர் என்று எழுதியிருந்தால் 1,950 கிலோ ஆகியிருக்கும். இதே சுற்றளவு, இதே உயரத்தில் ஓர் இலவமரம் நின்றிருந்து, அதன் அடர்த்தி 0.35 என்றால், எடை சுமார் 800 கிலோதான், வேம்பில் பாதி. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும்கூட, தனி ஒரு மரத்துக்கு இந்தச் சூத்திரம் பாதிக்குப் பாதி பிழையாகலாம். ஆயிரம் மரங்களைச் சேர்க்கும்போது ஒன்றின் மிகை இன்னொன்றின் குறையைச் சரிக்கட்டும். ஆனால் சூத்திரமே பொருத்தமில்லாததாக இருந்தால்? அப்போது எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாயும். ஆயிரம் என்ன, லட்சம் மரத்தை அளந்தாலும் அது நேராகாது. எந்தச் சூத்திரத்தைத் தேர்ந்தோம் என்பதே இந்தக் கணக்கில் மிகப் பெரிய பிழைக்கு இடமாக இருக்கிறது என்று இதே ஷாவ் 2004-லேயே எழுதினார்.

இனி மரத்தை விட்டுக் காட்டுக்குப் போவோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சோற்றுக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. காடு சோறு அல்ல, காடு பிரியாணி. அண்டாவில் ஒரு கரண்டி விட்டு எடுத்தால் கறித்துண்டும் வரலாம், வெறும் சோறும் வரலாம். ஓடைக்கரையில் ஒரு காடு, பாறைச்சரிவில் ஒரு காடு, தீ பட்ட இடத்தில் ஒரு காடு. எங்கே கரண்டியை விடுவது? ஜீப் போகும் பாதையோரமாகவே பிளாட், அதாவது அளப்பதற்கான நிலத்துண்டு, போட்டு அளந்து வந்தால் வேலை சீக்கிரம் முடியும், கணக்கும் சீக்கிரம் கெடும். அதனால் வரைபடத்தில் கட்டம் போட்டு, எந்த இடம் விழுகிறதோ அங்கே போ என்கிறார்கள். அது முள்ளுக்குள் விழுந்தாலும் போக வேண்டும். அட்டைக் கடிக்குள் விழுந்தாலும் போக வேண்டும்.

அல்லது ஒரே இடத்தில் பெரிய பிளாட் போட்டு ஆண்டுக்கணக்காக உட்கார்ந்துவிடலாம். 1988-இல் முதுமலையில் பேராசிரியர் சுகுமாரும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து நண்பர்களும் அதைத்தான் செய்தார்கள். 50 ஹெக்டேர், ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்ட தகடு. சுண்டுவிரல் பருமன் இருந்தாலும் எண் உண்டு. 25 ஆயிரத்துக்கும் மேல். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் இதே அளவு பிளாட் ஒன்று 1980-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அது மழைக்காடு, அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேல். முதுமலைக் காட்டுக்கு வேறு விதக் கஷ்டம். அங்கே வறட்சி உண்டு, தீ உண்டு, யானை உண்டு. நீங்கள் தகடு கட்டி வைத்த மரத்தை யானை பட்டை உரித்துத் தின்றுவிட்டுப் போகும், அல்லது முட்டிச் சாய்த்துவிடும். உங்கள் கார்பன் கணக்கில் யானைக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

நான் முதன்முதலாகக் காட்டில் டேப் பிடித்த நாளைச் சொல்கிறேன். நீலகிரி அடிவாரத்துக் காடு. வாலிப முறுக்கு, பட்டம் வாங்கிய திமிர். கூட வந்தவர் வயதான ஒரு குறும்பர். நான் மரத்தைச் சுற்றி டேப்பை இழுத்து எண்ணை உரக்கச் சொன்னேன். அவர் எழுதவில்லை. மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னார்: “சார், டேப்பு கொடி மேல ஏறிக் கெடக்கு. கொடியையும் சேத்து அளந்துட்டீங்க.” போய்ப் பார்த்தால் கை மணிக்கட்டுப் பருமனில் ஒரு கொடி மரத்தோடு ஒட்டி ஏறியிருந்தது. அதற்கு அடியில் டேப்பைச் செருகி மறுபடி அளந்தோம். எட்டு சென்டிமீட்டர் குறைந்தது. பிறகு மரத்தின் பெயர் கேட்டேன். அவர் அரிவாள் நுனியால் பட்டையில் நகம் அளவுக்குக் கீறி, முகர்ந்து பார்த்து, என்னிடமும் நீட்டினார். எனக்கு எல்லாமே பச்சை வாசனை. அவர் பெயர் சொன்னார். பெயர் சொன்னால்தான் அடர்த்தி தெரியும். அடர்த்தி தெரிந்தால்தான் எடை. அன்று அந்தக் காட்டின் கார்பன் கணக்கில் பாதி அவர் மூக்கிலிருந்து வந்தது. ஆய்வுக் கட்டுரையில் அந்த மூக்குக்கு இடம் இருக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மறு அளவையில் இன்னொரு வேடிக்கை நடக்கும். நாலு வருஷம் கழித்துப் போய் அதே மரத்தை அளப்பீர்கள். மரம் மெலிந்திருக்கும்! மரம் வளருமா, மெலியுமா? வறண்ட காட்டில் கோடையில் அளந்தால் தண்டில் நீர் வற்றிச் சற்றுச் சுருங்கியிருக்கும். பட்டை உதிர்ந்திருக்கலாம். யானை உரித்திருக்கலாம். அல்லது போன முறை அளந்தவர் உங்களைவிட நெட்டையாக இருந்திருக்கலாம். அவர் மார்பு வேறு, உங்கள் மார்பு வேறு. அதனால்தான் அளந்த இடத்தில் மரத்தைச் சுற்றிப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைக்கிறோம். ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் பல கணினிகளைவிட அதிகப் பிழையை நீக்கியிருக்கிறது.

இதுவரை மேலே பார்த்தோம். கீழே குனிவோமா?

வேரை யாரும் பெரும்பாலும் தோண்டுவதில்லை. மேலே இருப்பதில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்று ஒரு விகிதம் போட்டுச் சேர்ப்பார்கள். விழுந்த கட்டையும் சருகும் தனிக் கணக்கு. ஆனால் மண்? உலக உணவு வேளாண் நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கில் உலகக் காடுகளின் கார்பன் 66,200 கோடி டன். அதில் உயிருள்ள மரஞ்செடிகளில் நூற்றுக்கு 44, மண்ணில் 45. மண் ஒரு படி மேல்! நம் கண்ணுக்கு மரம்தான் காடு. கார்பனுக்கு மண்தான் முதல் வீடு.

மண்ணை அளப்பது எளிது என்று நினைக்காதீர்கள். கன அளவு தெரிந்த ஓர் இரும்பு வளையத்தைக் குழியின் பக்கவாட்டில் அடித்து இறக்கி, உள்ளே வந்த மண்ணைச் சிந்தாமல் எடுக்க வேண்டும். வேரும் கல்லும் நீக்கிச் சலிக்க வேண்டும். ஆய்வகத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டோடு அமிலம் சேர்த்தால் மண்ணிலுள்ள கார்பன் எரியும். எஞ்சிய டைகுரோமேட்டை டைட்ரேஷன் செய்யும்போது கரைசல் பச்சையாகும் துளியைப் பிடிக்க வேண்டும். வேளாண் கல்லூரியில் படித்தவர்கள் தலையாட்டுகிறீர்கள். வாக்லி, பிளாக் என்ற இருவர் 1930-களில் தந்த முறை. இது எல்லாக் கார்பனையும் எரிக்காது என்பதால் கடைசியில் 1.3-ஆல் பெருக்குவார்கள். பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு பெருக்கல். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 3,000 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.2 டன் வைத்தால் 3,600 டன். அதில் நூற்றுக்கு இரண்டு கார்பன் என்றால் 72 டன். இரண்டு என்பது ஒன்றரை ஆனால் 54. அரைச் சதவீதத்தில் 18 டன் காணாமல் போகிறது!

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் போயிருப்பீர்கள். படகிலிருந்து பார்த்தால் குட்டை மரங்கள். ஆனால் அலையாத்திக் காட்டின் செல்வம் அதன் சேற்றில். இந்து, பசிபிக் பெருங்கடல் கரையோரம் 25 அலையாத்திக் காடுகளை அளந்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக ஹெக்டேருக்கு 1,023 டன் கார்பன். பெரும்பகுதி சேற்றுக்குள். மரத்தை மட்டும் அளந்து வந்திருந்தால் அந்தக் காட்டை அநியாயத்துக்கு ஏழையாகக் காட்டியிருப்போம்.

இப்போது வானத்துக்கு.

“சார், இவ்வளவு கஷ்டம் எதற்கு? விண்கோளிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதாதா?” இதை நான் போகிற எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். படம் எடுக்கலாம். ஆனால் சாதாரணப் படத்தில் தெரிவது காட்டின் தலை. முப்பது வருஷக் காட்டின் தலையும் பச்சை, முந்நூறு வருஷக் காட்டின் தலையும் பச்சை. பெட்டியின் மூடியைப் பார்த்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஆகவே ரேடார் வந்தது. ரேடாருக்கு மேகம் தடையில்லை, இரவும் தடையில்லை. அலையின் நீளத்தில்தான் சூட்சுமம். குட்டை அலை இலையில் பட்டே திரும்பிவிடும். நீள அலை இலையைக் கண்டுகொள்ளாமல் கிளைக்குப் போகும். இன்னும் நீளமானது தண்டுவரை போகும். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நைசார் விண்கோளில் நாசா தந்த ரேடாரின் அலை 24 சென்டிமீட்டர்; இஸ்ரோவின் ரேடார் அதைவிடக் குட்டை. அதற்கு மூன்று மாதம் முன்னால் ஐரோப்பியர்கள் பயோமாஸ், அதாவது உயிரி எடை, என்றே பெயரிட்டு ஒன்றை அனுப்பினார்கள்; அதன் அலை 70 சென்டிமீட்டர். அடர்ந்த காட்டின் தண்டுவரை போகத்தான் இத்தனை நீளம். ஒரு வேடிக்கை: அந்த அலைவரிசை அமெரிக்காவின் விண்வெளிக் கண்காணிப்பு ரேடாருக்கு இடைஞ்சல் என்பதால், வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மேலே பறக்கும்போது அது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஐரோப்பா செய்த கருவி, ஐரோப்பாவைப் பார்க்கக் கூடாது!

லேசரும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018 கடைசியில் கெடி என்ற கருவியைக் கொண்டுபோய் மாட்டினார்கள். அது கீழ்நோக்கி லேசர் துடிப்பை விடும். 25 மீட்டர் அகல வட்டம் ஒன்றில் உச்சி இலையில் பட்டுத் திரும்பும் ஒளி முதலில் வரும், தரையில் பட்டது கடைசியில். நடுவில் இருக்கும் நேரம்தான் மரத்தின் உயரம். நம் வேப்பமரத்துக்கு நான் கிளைனோமீட்டரில் செய்ததை அது வானத்திலிருந்து செய்கிறது. 2023-இல் அதைக் கழற்றி மூட்டை கட்டி ஓரமாக வைத்தார்கள், வேறொரு கருவிக்கு இடம் வேண்டும் என்று. அடுத்த ஆண்டு மறுபடி மாட்டினார்கள். விண்வெளியிலும் வாடகை வீட்டுப் பிரச்சினைதான்.

ஆனால் இந்த லேசரும் ரேடாரும் எடையைப் பார்க்கின்றனவா? இல்லை. ஒன்று உயரத்தைப் பார்க்கிறது. மற்றது எதிரொலியைக் கேட்கிறது. உயரத்தை எடையாக மாற்ற மறுபடியும் தரையில் டேப் பிடித்த பிளாட்டுகளைத்தான் கேட்க வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். 2011-இல் சாச்சி என்பவரின் குழு வெப்பமண்டலக் காடுகளுக்கெல்லாம் ஒரு கார்பன் வரைபடம் போட்டது. 2012-இல் பச்சினி என்பவரின் குழு இன்னொன்று போட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே விண்கோள் லேசர். இரண்டும் பேர் பெற்ற இதழ்களில் வந்தவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கனத்த காடு எங்கே, லேசான காடு எங்கே என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. 2014-இல் மிச்சர்டும் நண்பர்களும் அமேசான் காட்டின் 413 தரைப் பிளாட்டுகளை எடுத்து இரண்டு வரைபடத்தோடும் ஒப்பிட்டார்கள். பிளாட்டுகள் ஒரு தெளிவான சரிவைக் காட்டின: வடகிழக்கே கயானா பக்கம் காடு கனம், தென்மேற்கே போகப் போக லேசு. வரைபடங்கள் இரண்டும் அதைத் தவறவிட்டிருந்தன. ஏன்? பெரிய காரணம், வடகிழக்கில் கட்டையின் அடர்த்தி அதிகம். அங்கே வைரம் பாய்ந்த மரங்கள், மேற்கே மென்மரங்கள். வானத்திலிருந்து உயரம் தெரிந்தது, வைரம் தெரியவில்லை. வைரம் தெரிய மரத்தின் பெயர் வேண்டும். பெயருக்கு அந்தப் பட்டையைக் கீறி முகர்ந்த மூக்கு வேண்டும்.

நான் விண்கோளுக்கு எதிரி அல்ல. ஆள் போகவே முடியாத காட்டை அது பார்க்கிறது. நேற்று வெட்டியதை இன்று சொல்கிறது. என் வருத்தமெல்லாம் செலவுக் கணக்கில்தான். பறக்கிற கருவிக்குப் பணம் பெரும் தொகையாகக் கிடைக்கிறது. பிளாட்டுக்குத் திரும்பப் போய் அளக்க ஜீப்புக்கு டீசல் கேட்டால் ஃபைல் ஆறு மாதம் சுற்றுகிறது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்; இந்த அரங்கிலும் அங்கிருந்து யாராவது வந்திருக்கலாம்.

கடைசியாக நம் நாட்டுக் கணக்கு. இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கை நம் காடுகளில் 720 கோடி டன் கார்பன் இருப்பதாகச் சொன்னது. இங்கும் பாதிக்கு மேல் மண்ணில். முந்தைய 2019 அறிக்கையைவிடக் கூடியது 7.94 கோடி டன், நூற்றுக்கு ஒன்று சொச்சம். ஒரு மரத்துக்கே பாதி பிழையாகலாம் என்றேன். மண்ணில் அரைச் சதவீதத்துக்கு 18 டன் போகிறது என்றேன். அப்படிப்பட்ட தராசு நூற்றுக்கு ஒன்றைக் காட்டுமா?

காட்டும், ஒரு நிபந்தனையோடு. ரயில் நிலையத்து எடை மெஷின் இரண்டு கிலோ கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். உங்கள் உண்மையான எடை அதில் தெரியாது. ஆனால் மாதா மாதம் அதே மெஷினில் ஏறினால் நீங்கள் பெருத்தீர்களா இளைத்தீர்களா என்பது தெரியும். மெஷினை மாற்றிவிட்டு, நான் ஒரு கிலோ இளைத்தேன் என்று சொன்னால் மனைவிகூட நம்ப மாட்டார். காட்டுக்கும் அதேதான். அதே பிளாட், அதே கோடு, அதே உயரம், அதே சூத்திரம். இடையில் எதை மாற்றினாலும் மாற்றியதைச் சொல்ல வேண்டும்; பழைய கணக்கையும் புது முறையில் மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். எண் சொல்கிறவரிடம், கூடக் குறைய எவ்வளவு என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் அந்த எண்ணை வாங்காதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசல் வேம்புக்கு இன்று காலையிலேயே மஞ்சள் கோடு போட்டாயிற்று. பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை, சட்டை பத்திரம். தகட்டில் எண் 1 என்று குத்தியிருக்கிறோம். 188 சென்டிமீட்டர், இன்றைய தேதியோடு, நூலகக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று. அடுத்த வருஷம் இதே மாதம் யார் அளக்கப் போகிறீர்கள்? முன்வரிசையில் நாலு கை தெரிகிறது. டேப் நூலகர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.